கிளடிஸ் திரித்த கயிறு

கிளடிஸுக்கு இரண்டு காரியம் வராது. ஒன்று பொய் சொல்வது. மற்றது, ஒரு செடியைக் கண்டால் அதைப் பற்றி நாலு கேள்வி கேட்காமல் தாண்டிப் போவது. இந்த இரண்டும் வராத ஒரு பெண்ணுக்குப் புருசனாக இருப்பது எவ்வளவு சிரமம் என்று அகஸ்ரினைத்தான் கேட்க வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் அவள் பதினொரு வருடம் விவசாயப் போதனாசிரியையாக இருந்தவள். சைக்கிளில் வந்து இறங்கி, வெங்காயத் தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "பயிரிலை பிழையில்லை அண்ணை, பிழை உங்களிலைதான்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு ஏறிப் போய்விடுவாள். அவளைத் தூரத்தில் கண்டதும் தோட்டக்காரர்கள் கிணற்றுக்கட்டுக்குப் பின்னால் பதுங்குவார்களாம். ஆனால் அந்தப் பகுதியில் விளைச்சல் கூடியது.

1990இல் கணவனோடும் இரண்டு வயது மகள் நிலாணியோடும் ரொறன்ரோவுக்கு வந்து, டோர்செட் பார்க்கில் ஒரு கட்டடத்தின் பதினோராம் மாடியில் குடியேறினாள். வந்த புதிதில் ஒரு நாற்றுப்பண்ணைக்கு வேலை கேட்டுப் போனாள். கனடா அனுபவம் இருக்கிறதா என்று கேட்டார்கள். உங்கள் மண்ணுக்கு மட்டும் வெளிநாட்டு அனுபவம் இருக்கிறதா என்று இவள் திருப்பிக் கேட்டாள். அந்த வேலை கிடைக்கவில்லை. பிறகு ஒரு சலவைக்கூடம், அதன் பிறகு ஒரு டோனட் கடை, கடைசியில் ஸ்காபரோவில் ஆரோக்கிய உணவு பொதிசெய்யும் ஒரு தொழிற்சாலை. பதினான்கு வருடமாக அங்கே நின்று, பைகளுக்குள் முந்திரியும் உலர்ந்த திராட்சையும் விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அகஸ்ரினுக்கு மிசிசாகாப் பக்கம், விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் வேலை. கழுத்தில் தொங்கும் பாதுகாப்பு அட்டையைப் படுக்கப் போகும்போதுதான் கழற்றுவார். அதோடு ஊர்ச்சங்கத்தின் செயலாளர். தன்னுடைய பெயர் எந்தப் பிரச்சினையிலும் அடிபடக் கூடாது என்பதுதான் அந்த மனிதருடைய வாழ்க்கையின் ஒரே ஆசை.

2009ஆம் ஆண்டு அந்த ஆசைக்கு நல்ல ஆண்டாக அமையவில்லை.

அந்த வசந்தம் முழுக்க, ஊரில் நடக்கும் போரை நிறுத்தச் சொல்லி, கிளடிஸ் ரொறன்ரோவின் நடுவீதியில் மற்றச் சனத்தோடு நின்றாள். பதாகை பிடித்தாள், குரல் கட்டும்வரை கத்தினாள். மே மாதம் சண்டை முடிந்தது என்று செய்தி வந்தது. வன்னியில் இருந்த தங்கச்சி றீற்றாவைப் பற்றியும் அவளுடைய இரண்டு பிள்ளைகளைப் பற்றியும் இருபத்துமூன்று நாட்கள் ஒரு தகவலும் இல்லை. அந்த நாட்களில் கிளடிஸ் வீட்டிலிருந்த எல்லாச் சட்டிகளையும் திரும்பத் திரும்பக் கழுவினாள். இருபத்துநாலாம் நாள், முகாமில் யாரோ ஒருவருடைய தொலைபேசியிலிருந்து றீற்றா பேசினாள். மூன்று பேரும் உயிரோடு இருந்தார்கள். சாப்பாடு வருகிறது, தண்ணீருக்கு வரிசை, கூடாரம் கட்டிய கயிறு இற்றுப்போய்விட்டது, காற்றடித்தால் எல்லாம் பறக்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே இணைப்பு அறுந்தது.

தங்கச்சி சொன்ன எல்லாவற்றிலும் கிளடிஸின் மனதில் போய் உட்கார்ந்தது அந்தக் கயிறுதான். மற்ற எதற்கும் அவளால் எதுவும் செய்ய முடியாது. கயிறு என்றால் யோசிக்கவாவது முடியும். வவுனியாக் கடையிலேயே கயிறு விற்கிறது, யாரையாவது பிடித்து வாங்கிக் கொடுப்போம் என்று அகஸ்ரின் சொன்னார்; அப்படியே செய்வித்தும் விட்டார். ஆனாலும் அவள் யோசிப்பதை நிறுத்தவில்லை.

யூன் மாதம் தொழிற்சாலைக்குப் புதுச் சரக்கு ஒன்று வந்தது. தோல் நீக்கிய சின்ன வெள்ளை விதை. எள்ளைவிடக் கொஞ்சம் பெரிது. பையில் 'ஹெம்ப்' என்று எழுதியிருந்தது. பக்கத்தில் நின்ற பெண் காதோடு காதாக, இது கஞ்சா விதை என்றாள். கிளடிஸ் ஒரு பிடியை வாயில் போட்டு மென்று பார்த்தாள். பைன் கொட்டை மாதிரி இருந்தது. ஒரு மணித்தியாலம் காத்திருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. கால் வழக்கம்போல வலித்தது.

அந்த விதையை விளைவிக்கும் விவசாயி அதே கிழமை மாதிரிகளோடு தொழிற்சாலைக்கு வந்திருந்தார். பீற்றர் என்று பெயர், கதவு நிலையில் தலை இடிக்கும் உயரம், டச்சுக்காரப் பரம்பரை. கிளடிஸ் இயந்திரத்தை விட்டுவிட்டுப் போய் அவரை மறித்தாள். ஏக்கருக்கு எத்தனை கிலோ விதை, வரிசைக்கு இடைவெளி எவ்வளவு, வேர் எவ்வளவு ஆழம் போகும், பூச்சிக்கு என்ன அடிக்கிறீர்கள் என்று அடுக்கினாள். பத்து வருடமாகத் தன்னிடம் எல்லோரும் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்டு வந்திருக்கிறார்கள், அதுவும் கண்ணடித்துக்கொண்டே கேட்பார்கள் என்றார் பீற்றர். வேரைப் பற்றிக் கேட்ட முதல் ஆள் நீதான் என்றும் சொன்னார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது போலிருந்தது.

அவர் சொன்னதைக் கேட்டுக் கிளடிஸுக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை. நூறு நாளில் பன்னிரண்டு அடி வளருமாம். நெருக்கமாக விதைத்தால் களையைத் தானே அமுக்கிவிடுமாம். மருந்தடிக்கிற வேலையே குறைவு. வேர் ஆழப் போய் இறுகிய மண்ணைப் பிளந்து இளக்கிவிடும். விதையில் எண்ணெய், தண்டின் பட்டையில் நார், உள்ளே இருக்கும் சக்கையைச் சுண்ணாம்போடு குழைத்தால் சுவர். மயக்கம் தரும் சத்து மட்டும் இல்லையென்னும் அளவுக்குக் குறைவு. அரசாங்கத்திடம் அனுமதிப் பத்திரம் வாங்கித்தான் விதைக்க வேண்டும். வந்து பரிசோதித்தும் பார்ப்பார்கள்.

"அப்ப தண்டை என்ன செய்யிறியள்?" என்று கேட்டிருந்தாள். விதையை எடுத்துவிட்டு எரிக்கிறேன், நார் பிரிக்கிற ஆலை இந்தப் பக்கம் கிடையாது என்றிருந்தார் பீற்றர்.

எரிக்கிறாராம். கயிறு முழுவதையும் எரிக்கிறாராம். இந்த ஒன்றைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

ஓகஸ்ட் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு, அகஸ்ரினைக் காரோட்டச் சொல்லிப் பிக்கரிங் தாண்டி வடக்கே போனாள். எங்கே போகிறோம் என்று அவர் கேட்டதற்கு, ஒரு விவசாயியைப் பார்க்க என்றாள். அது பொய் இல்லை. கிராமத்து வீதியில் திரும்பி வயலுக்குள் கார் இறங்கியதும், இரண்டு பக்கமும் காரை மூடுகிற உயரத்தில் செடி. ஒவ்வொரு செடியிலும், ஏழு விரலாக விரிந்த இலை. தொலைக்காட்சிச் செய்தியில் பொலிஸ்காரர்கள் குவித்து வைத்துப் படமெடுக்கும் அதே இலை.

அகஸ்ரின் காரை நிறுத்திவிட்டுக் கழுத்திலிருந்த அட்டையைத் தடவிப் பார்த்தார்.

"கிளடிஸ், இது என்ன எண்டு உமக்குத் தெரியுமோ?"

"ஓம். ஹெம்ப்."

"இது கஞ்சா."

"ஒரே குடும்பம்தான், அதுக்கென்ன? தமையன் வெறிகாரன் எண்டால் வேலைக்குப் போற தங்கச்சியையும் பிடிச்சு உள்ளை போடுறதே?"

அகஸ்ரின் காரிலிருந்து இறங்க மறுத்துவிட்டார். தப்பி ஓட வசதியாகக் காரைத் திருப்பி வீதியைப் பார்த்தபடி நிறுத்தி, தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்தார். அனுமதிப் பத்திரத்தின் நகலைப் பீற்றர் கொண்டுவந்து கண்ணாடி வழியாகக் காட்டினார். அதிலிருந்த முத்திரையை அகஸ்ரின் மூன்று தரம் படித்தார். அப்போதும் இறங்கவில்லை.

பீற்றர் வயலின் ஒரு மூலையை முன்கூட்டியே வெட்டி, இலையையும் பூவையும் உருவி, வெறும் தண்டாக ஆறு கட்டுக் கட்டி வைத்திருந்தார். வெறும் தண்டுக்குச் சட்டத்தில் தடை இல்லை என்று அவர் உறுதியாகச் சொன்னார். ஆறு கட்டையும் காரின் கூரையில் ஏற்றினார்கள். ஒரே ஒரு தண்டின் நுனியில், யாரும் கவனிக்காமல், ஒரு முழு இலை தப்பியிருந்தது. அது வழி முழுவதும் கொடிபோலப் பறந்துகொண்டே வந்தது. கென்னடி வீதிச் சந்தியில் பக்கத்துக் காரிலிருந்த இரண்டு இளைஞர்கள் கண்ணாடியை இறக்கிப் பெருவிரலை உயர்த்திக் காட்டினார்கள். அகஸ்ரினும் மரியாதைக்குப் பெருவிரலை உயர்த்தினார். ஏன் காட்டினார்கள் என்பது வாகனத் தரிப்பிடத்தில் கட்டை இறக்கும்போதுதான் அவருக்குத் தெரிந்தது. அதன் பிறகு இரண்டு நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

தண்டிலிருந்து நாரைப் பிரிக்க வேண்டுமென்றால், தேங்காய்ப் பொச்சுமட்டை மாதிரி அதைத் தண்ணீரில் ஊறவைத்து அழுகவிட வேண்டும். பதினோராம் மாடியில் குளம் கிடையாது. குளியல் தொட்டி இருந்தது. கிளடிஸ் தண்டுகளை மூன்று துண்டாக வெட்டி, தொட்டியில் நெருக்கி அடுக்கி, மேலே இரண்டு ஆட்டுக்கல்லும் ஒரு அரிசி மூட்டையும் பாரம் வைத்துத் தண்ணீரைத் திறந்துவிட்டாள். பத்து நாள் என்றாள்.

"அம்மா, சீரியஸ்லி? பத்து நாளைக்கு நான் எங்கை குளிக்கிறது?" என்று நிலாணி கேட்டாள்.

பக்கத்து வீட்டுப் பாலேஸ்வரி அன்ரியிடம் குளிக்கலாம் என்று ஏற்பாடு. பாலேஸ்வரி தனியாக இருந்தவர். ஆட்கள் வந்து போவது அவருக்குச் சந்தோசம். என்ன காரணம் என்று கேட்டார். தொட்டியில் ஹெம்ப் ஊறுகிறது என்று கிளடிஸ் உள்ளதைச் சொன்னாள். பாலேஸ்வரி, ஏதோ குளிருக்கான ஊறுகாய் என்று விளங்கிக்கொண்டார்.

ஐந்தாம் நாள் மணம் தொடங்கியது. ஏழாம் நாள் அதை மணம் என்று சொல்ல முடியாது. அழுகிய முட்டைக்கோவா, செத்த மீன், ஈரச் சப்பாத்து எல்லாம் ஒன்றாக உட்கார்ந்து ஆலோசனை நடத்துவது மாதிரி இருந்தது. அது காற்றுக் குழாய் வழியாகப் பன்னிரண்டாம் மாடிக்கும் பத்தாம் மாடிக்கும் போனது. அகஸ்ரினின் உடுப்பிலும் ஏறியது. விமான நிலையத்தில் மோப்ப நாய் ஒன்று அவரருகே வந்து நின்றது. அகஸ்ரின் அந்த இடத்திலேயே செபமாலையின் முதல் மூன்று மணியைச் சொல்லி முடித்துவிட்டார். நாய் அவருடைய சாப்பாட்டுப் பையிலிருந்த கருவாட்டை முகர்ந்துவிட்டு, அவரை ஒருதரம் இரக்கத்தோடு பார்த்துவிட்டுப் போனது.

எட்டாம் நாள் காலை பதினொரு மணிக்கு இரண்டு பொலிஸ்காரர்கள் கதவைத் தட்டினார்கள். இந்த வீட்டில் யாராவது இறந்திருக்கிறார்களோ என்று பார்க்கும்படி கட்டடத்து ஆட்கள் கேட்டிருந்தார்களாம். அகஸ்ரின் வேலைக்குப் போயிருந்தார். அது கடவுள் கிருபை. கிளடிஸ் கதவை அகலத் திறந்தாள். ஒருவரும் சாகவில்லை, குளியலறையில் ஹெம்ப் ஊறுகிறது, வந்து பாருங்கள் என்று தன்னுடைய ஆங்கிலத்தில் சொன்னாள்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இருபது வருடப் பொலிஸ் வேலையில் ஒருவரும் தன்னை இவ்வளவு அன்பாக உள்ளே அழைத்ததில்லை என்று பெரியவர் பிறகு நிலாணியிடம் சொன்னாராம். நிலாணி ஓடிவந்து, "ஆபீசர், இது கஞ்சா இல்லை, கயிறு. அம்மா கயிறு செய்யிறா" என்று ஆங்கிலத்தில் விளங்கப்படுத்தினாள். பீற்றரிடம் வாங்கி வந்த அனுமதிப் பத்திரத்தின் நகல் குளிர்சாதனப்பெட்டிக் கதவில், மாதாவின் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தது. சின்னப் பொலிஸ்காரர் அதை வாசித்தார். பெரியவர் குளியலறை வாசல்வரை போய், மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பி வந்து, குற்றம் எதுவும் இல்லை, ஆனால் யன்னலைத் திறந்து வையுங்கள் என்றார். கிளடிஸ் அவர்களுக்குத் தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டாள். அந்த மணத்தில் அவர்களுக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

பொலிஸ் வந்து போனது பத்து நிமிடம். அந்தக் கதை ஸ்காபரோ முழுக்கப் போக ஒரு பின்னேரம் போதுமாக இருந்தது. செயலாளர் அகஸ்ரின் வீட்டில் கஞ்சா, குளியல் தொட்டி நிறையக் கஞ்சா, பொலிஸுக்கும் பங்கு.

மறுநாள் ஊர்ச்சங்கத் தலைவர் ஸ்ரீஸ்கந்தராசா வந்தார். அறுபத்தாறு வயது, ஓய்வுபெற்ற கணக்காளர், சிரிப்பதை ஒரு வீண்செலவாகக் கருதுகிறவர். சோபாவின் நுனியில் உட்கார்ந்து, சங்கத்தின் மானம், பிள்ளைகளின் எதிர்காலம், சனம் முகாமில் கிடக்கிற நேரம் என்று அரை மணித்தியாலம் பேசினார். செயலாளர் பதவியிலிருந்து அகஸ்ரின் விலகுவது நல்லது என்றார். அகஸ்ரின் தலையைக் குனிந்தபடி, விலகல் கடிதத்துக்கு நல்ல தாள் எங்கே இருக்கிறது என்று யோசித்துக்கொண்டிருந்தார். கிளடிஸ் உள்ளதை ஆதியிலிருந்து சொன்னாள். தலைவர் ஒன்றையும் நம்பியதாகத் தெரியவில்லை.

புறப்படும்போது கதவடியில் நின்று, கிளடிஸை மட்டும் தனியாகக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி, எனக்கு ஏழு வருசமா முழங்கால் நோ. உதிலை… ஏதும் செய்யலாமோ?"

"அண்ணை, உதிலை ஒண்டும் இல்லை. வெறும் விதை. கஞ்சியிலை தூவிக் குடிச்சால் உடம்புக்கு நல்லது, அவ்வளவுதான்" என்று சொல்லி, தொழிற்சாலையில் வாங்கிய ஒரு பை விதையைக் கொடுத்தாள். ஸ்ரீஸ்கந்தராசா அதைக் கோட்டுக்குள்ளே வைத்துப் பொத்தானைப் பூட்டினார். 'ஒண்டும் இல்லை' என்று அவள் சொன்னதை, சொல்ல வேண்டிய முறையில் சொல்கிறாள் என்றே எடுத்துக்கொண்டார்.

அன்று பின்னேரம் அவருடைய மனைவி தொலைபேசியில் பதறினார். இவர் காலநிலைச் செய்தியைப் பார்த்துச் சிரிக்கிறார். நயாகராவில் இடியுடன் மழை என்று சொல்ல, நிலத்தில் உருண்டு சிரித்தார். பிறகு எழும்பி, இரண்டு முழங்காலையும் மடக்கிக் காட்டி, என்னைப் பார்த்து முப்பத்தெட்டு வருடத்தில் முதல்தரமாக 'கண்ணே' என்றார். என்ன கொடுத்தனீர் என்று கேட்டார்.

"பருப்பு மாதிரி ஒரு சாமான் அக்கா. அதுக்கு ஒருத்தரும் சிரிக்கேலாது" என்றாள் கிளடிஸ்.

"இவர் சிரிக்கிறார், பிள்ளை" என்றார் அவர். சற்றுப் பொறுத்து, இன்னொரு பை கிடைக்குமோ என்றும் கேட்டார்.

அதற்குப் பிறகு வந்தவர்களைக் கிளடிஸால் தடுக்க முடியவில்லை. இடுப்பு நோவுக்கு ஒருவர், நித்திரை வராததற்கு இருவர், மருமகளோடு சரிவராததற்கு ஒருவர். கடையிலேயே விற்கிறது, போய் வாங்குங்கள் என்று எல்லோருக்கும் சொன்னாள். ஒருவரும் கேட்கவில்லை, கடையில் விற்பது சும்மா விதை, கிளடிஸ் கையால் வருவதுதான் 'அது' என்று நம்பினார்கள். வாழ்க்கையில் ஒரு பொய்கூடச் சொல்லாதவளை ஊரே சேர்ந்து பெரிய பொய்க்காரி ஆக்கி, அதற்காக மரியாதையும் செய்தது. அவளுக்குக் கோபமாக வந்தது. ஆனால் மே மாதத்துக்குப் பிறகு இந்தச் சனம் ஒன்றுக்காவது சிரித்து அவள் கண்டதில்லை. திருத்துவதை விட்டுவிட்டாள். விலகல் கடிதத்தைப் பற்றியும் பிறகு யாரும் கதைக்கவில்லை.

பத்தாம் நாள் நாரைக் கழுவி எடுத்து, பல்கனியில் காயப் போட்டாள். காய்ந்ததும் மணம் போய்விட்டது. தங்க நிறத்தில் பெண்பிள்ளையின் தலைமுடிபோல நீளமாகத் தொங்கியது. யன்னலால் பார்த்த அகஸ்ரின் முதல்முறையாகப் பக்கத்தில் போய் அதைத் தொட்டுப் பார்த்தார். ஒரு இழையைப் பிய்க்கப் பார்த்தார். முடியவில்லை. இரண்டு கையிலும் சுற்றி இழுத்தார். விரல்தான் வெட்டியது.

"உது நல்லாத்தான் இருக்குது" என்றார் விரலைச் சூப்பியபடி.

கயிறு திரிக்க நீள இடம் வேண்டும். பதினோராம் மாடி நடைபாதை, மின்தூக்கியிலிருந்து கடைசிக் கதவுவரை நூற்றுப்பத்து அடி. ஒரு ஞாயிறு மத்தியானம் வேலை தொடங்கியது. ஒரு நுனியில், துளையிடும் இயந்திரத்தில் கொக்கியை மாட்டிப் பிடித்தபடி அகஸ்ரின். மறு நுனியை இடுப்பில் கட்டியபடி பாலேஸ்வரி அன்ரி. அவருடைய எடைதான் அந்த மாடியிலேயே நம்பகமானது. நடுவில் கிளடிஸ், மூன்று புரியையும் விரலிடுக்கில் வாங்கி ஒன்றாக்கியபடி பின்னோக்கி நடந்தாள். மின்தூக்கி திறக்கும்போதெல்லாம் "கொஞ்சம் தாண்டிப் போங்கோ" என்று நிலாணி மூன்று மொழியில் சொன்னாள். பீட்சா கொண்டுவந்த பையன் தாண்டினான். பிலிப்பைன்ஸ்காரக் குடும்பமொன்று தாண்டிப் போய், திரும்பி வந்து, தாங்களும் ஒரு பக்கம் பிடித்தார்கள். கயிறு முறுகி முறுகிக் குறுகக் குறுக, பாலேஸ்வரி அன்ரி அங்குலம் அங்குலமாக முன்னால் இழுபட்டுத் தன் வீட்டு வாசலைத் தாண்டிப் போனார். மாலைக்குள் மணிக்கட்டளவு தடிப்பில் தொண்ணூறு அடிக் கயிறு ஒன்று தரையில் கிடந்தது.

இனி இதை என்ன செய்வது என்று கிளடிஸ் அதுவரை யோசித்திருக்கவில்லை. அந்த யோசனையை ஊர்ச்சங்கம் அவளுக்காகச் செய்தது.

ஒவ்வொரு யூலையிலும் நடக்கும் ஒன்றுகூடல் அந்த வருடம் நடக்கவில்லை. சனம் முள்ளுக்கம்பிக்குள்ளே இருக்க நாங்கள் பூங்காவில் கொத்துரொட்டி போடுவதா என்று பாதிப்பேர். ஒருவரையொருவர் காணாமல் வீட்டுக்குள் கிடந்து எல்லோருக்கும் விசர் பிடிக்கப் போகிறது என்று மீதிப்பேர். கடைசியில் செப்டெம்பரில் ஒரு சனிக்கிழமை, பாட்டுக் கூத்து இல்லாமல், முகாமுக்கு அனுப்ப உடுப்பும் பால்மாவும் சேர்க்க ஒரு சந்திப்பு என்று தீர்மானித்தார்கள். கயிறிழுத்தலும் வேண்டாம் என்றார்கள். அதற்கு மட்டும் ஒருவரும் ஒத்துவரவில்லை. ஊரில் சந்திக்குக் கிழக்கு ஒரு கட்சி, மேற்கு ஒரு கட்சி. பத்தொன்பது வருடமாக ரொறன்ரோவில் அந்தச் சந்தியின் இரண்டு பக்கமும் கயிறிழுத்துச் சண்டை பிடித்திருக்கின்றன. ஒரு வருடம் தோற்ற பக்கம் சாப்பிடாமலே வீட்டுக்குப் போனது. இன்னொரு வருடம் நடுவருடைய விசிலை யாரோ பறித்து ஏரியில் எறிந்தார்கள்.

சங்கத்தின் பழைய நைலோன் கயிற்றைத் தேடினால், அது தலைவரின் மருமகன் வீடு மாறியபோது சோபாவோடு போய்விட்டது. அகஸ்ரின் கூட்டத்தில் எழுந்து தொண்டையைச் செருமினார். தன் வீட்டில் கயிறு இருக்கிறது என்றார். அவர் தானாக எழுந்து பேசியதைக் குறிப்பேட்டில் எழுத ஆளில்லை, எழுதுகிறவர் அவர்தான்.

மோனிங்சைட் பூங்காவில் இரண்டு பக்கமும் பன்னிரண்டு பன்னிரண்டு பேர் நின்றார்கள். கயிற்றின் நடுவில் சிவப்பு ரிப்பன். ஸ்ரீஸ்கந்தராசா நடுவர், கஞ்சி குடித்துவிட்டு வந்திருந்தார், முகம் மலர்ந்திருந்தது. சிலர் கயிற்றை முகர்ந்து பார்த்து ஏமாந்து போனார்கள். தலைவர் விசில் ஊதினார்.

இழுத்தார்கள். கிழக்குப் பக்கம் ஒரு அடி பின்னால் போனது. கிழக்குச் சனம் ஆரவாரித்தது. அதே நேரம் மேற்குப் பக்கமும் ஒரு அடி பின்னால் போனது. மேற்குச் சனமும் ஆரவாரித்தது. ரிப்பன் நடுக்கோட்டுக்கு மேலேயே அசையாமல் நின்றது. இன்னும் இழுத்தார்கள். இரண்டு பக்கமும் மெல்ல மெல்ல, வெற்றிகரமாக, பின்னோக்கிப் போய்க்கொண்டே இருந்தது. கிழக்கின் கடைசி ஆள் தன் பக்கத்துப் பின்கோட்டைத் தாண்டிக் கையை உயர்த்தினார். மேற்கின் கடைசி ஆளும் தாண்டிக் கையை உயர்த்தினார். எல்லோரும் கயிற்றைப் போட்டுவிட்டுக் கட்டிப்பிடித்துத் துள்ளினார்கள். கொஞ்ச நேரத்தில் இரண்டு கொண்டாட்டமும் ஒன்றையொன்று கவனித்து நின்றன.

கிளடிஸ் கயிற்றைத் தூக்கிப் பார்த்தாள். அவளுக்கு உடனே விளங்கியது. புதுக் கயிற்றை முதலில் பாரம் கட்டி இழுத்துவிட வேண்டும். மறந்துபோனாள். இருபத்துநாலு பேரும் சேர்ந்து செய்து முடித்தது அந்த வேலையைத்தான்.

"பிழை என்னிலைதான். இது இழுபட்டு நீண்டிட்டுது. ஒருத்தரும் வெல்லேல்லை" என்று அவள் எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்.

ஸ்ரீஸ்கந்தராசா கையை உயர்த்தி அமைதி கேட்டார். சங்க யாப்பில், பின்கோட்டைத் தாண்டிய பக்கம் வென்றது என்றுதான் இருக்கிறது. மற்றப் பக்கம் எங்கே போனது என்று ஒரு வார்த்தை இல்லை. ஆகவே இரண்டு பக்கமும் வென்றது. தீர்ப்பைச் சொல்லிவிட்டு அவரே முதலில் சிரித்தார். பத்தொன்பது வருடத்தில் முதல்தரமாக இரண்டு பக்கமும் ஒரே மேசையில் இருந்து புரியாணி சாப்பிட்டது. விசிலை யாரும் எறியவில்லை.

அன்று இரவு றீற்றா முகாமிலிருந்து அழைத்தாள்; அங்கே மறுநாள் விடிந்துவிட்டிருந்தது. கிளடிஸ் தொட்டி, பொலிஸ், முழங்கால், பாலேஸ்வரி அன்ரி இழுபட்டது, கயிறு நீண்டது என்று ஒன்றும் விடாமல் சொன்னாள். மறுபக்கம் விம்மல் மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அழுகிறாளோ என்று பயந்தாள்.

"அக்கா," என்றாள் றீற்றா, மூச்சு வாங்கியபடி, "உங்கை ஒருத்தரும் வேலைக்குப் போறேல்லையோ?" பிறகுதான் அவள் சிரிக்கிறாள் என்று தெரிந்தது. பக்கத்துக் கூடாரத்துக்காரியிடமும் சொல்ல வேண்டும், இன்னொருக்கால் முதலிலிருந்து சொல் என்றாள். கிளடிஸ் சமையலறை நிலத்தில் உட்கார்ந்து, முதலிலிருந்து சொன்னாள்.

அடுத்த வருடத் தொடக்கத்தில் றீற்றாவும் பிள்ளைகளும் முகாமிலிருந்து வெளியே வந்தார்கள். பீற்றர் ஒவ்வொரு கோடையிலும் சனி ஞாயிறில் கிளடிஸைத் தன் வயலுக்கு அழைத்தார். வயலைச் சுற்றி நடந்து, எது பிழை என்று சொல்வதுதான் வேலை. அதில் அவளுக்குப் பழக்கம் போதும் என்று அவர் கண்டுகொண்டார். அவள் சொல்லித்தான் வடக்கு மூலையில் தண்ணீர் தேங்குவதை நிறுத்தினார். தண்டை எரிப்பதையும் குறைத்து, சக்கையைப் பக்கத்துக் குதிரைப் பண்ணைக்குப் படுக்கையாகக் கொடுத்தார். நாற்பத்தைந்து குதிரைகள் அதில் நிம்மதியாகப் படுக்கின்றன என்று கேள்விப்பட்டபோது, கனடாவுக்கு வந்ததன் பயனைக் கண்டதாகக் கிளடிஸுக்குத் தோன்றியது.

மாறிப்போனது அகஸ்ரின்தான். ஒரு காலத்தில் தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டு இருந்தவர், இப்போது கலியாணவீடு, செத்தவீடு என்று பாராமல் ஹெம்ப் பற்றிப் பேசினார். ஆர்வம் இருந்த அளவுக்குத் தகவல் சரியாக இருக்கவில்லை. 2011ஆம் ஆண்டு ஒரு ஞாயிறு மத்தியானம் தமிழ் வானொலி ஒன்று அவரை நேர்காணலுக்கு அழைத்தது.

கிளடிஸ் பீற்றரின் வயலிலிருந்து, காலில் சேறோடு, காரில் திரும்பிக்கொண்டிருந்தாள். வானொலியில் கணவருடைய குரல் கணீரென்று வந்தது. இந்தப் பயிர் நூறு அடி வளரும் என்றார். பிக்கரிங்கில் ஒரு கடைத்தொகுதி வாசலில் காரை நிறுத்தி, நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"வணக்கம், ஆர் கதைக்கிறியள்?" என்றார் அறிவிப்பாளர்.

"பிக்கரிங்கிலை இருந்து ஒரு நேயர். ஐயா நூறு அடி எண்டு சொன்னவர். எந்த வயலிலை பாத்தவர் எண்டு கேட்டுச் சொல்லுங்கோ."

வானொலியில் யாரோ தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது.

"நேயர் நல்ல கேள்வி கேட்டிருக்கிறா," என்றார் அகஸ்ரின், குரல் இரண்டு சுருதி இறங்கி. "நான் பன்னிரண்டு எண்டு சொல்ல வந்தனான். நூறு எண்டது… நாள்."

"நன்றி. நேயருக்கு வேறை ஏதும் கேள்வி இருக்கோ?" என்றார் அறிவிப்பாளர்.

"ஓம். வரேக்கை பால் வாங்கிக்கொண்டு வருவாரோ?"

நிலையம் அவசரமாக ஒரு மரக்கறிக் கடை விளம்பரத்துக்குப் போனது.